வாயால் எழுதிய நாவலும் வேறு சில தவறுகளும்

எழுத ஆசைப்படுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடி, எழுதியதை வாசித்துப் பேசுவோம். போன மாதம் ஓர் இளைஞர் புதிதாக வந்தார். கையில் தாள் இல்லை. "இன்னும் எழுதலை சார், ஆனா மனசுல முழுசா இருக்கு" என்று ஆரம்பித்து நாற்பது நிமிடம் நாவலைச் சொன்னார். பிரமாதமாகச் சொன்னார். இரண்டு இடங்களில் எல்லோரும் சிரித்தார்கள். ஓரிடத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே நாற்பது நிமிடத்தை நானும் ஒருகாலத்தில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் நடத்திக் காட்டியிருக்கிறேன்.

ஒற்றுப்பிழை, ணகர னகரக் குழப்பம், எதையும் வாசிக்காமலே எழுத வருவது இதையெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. யாரும் திறப்பதில்லை என்பது வேறு விஷயம். நானே செய்து, விலையும் கொடுத்து, இப்போது அடுத்தவர் செய்யும்போது எரிச்சல் வருகிற தவறுகள் மட்டும்.

நோட்டு வாங்குவது

நல்ல நோட்டு வாங்கினால் நல்ல கதை வரும் என்று நம்பி வாங்கியவை ஆறு. எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் என் பெயர் மிக அழகாக இருக்கிறது.

திருடிவிடுவார்கள் என்று பயப்படுவது

முதல் கதையை அனுப்பும்போதே "இதை யாரிடமும் காட்ட வேண்டாம்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஒருவர் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே தன் பெயரைச் சாம்பல் நிறத்தில் அச்சிட்டிருந்தார். கதையைவிட அவர் பெயரைத்தான் அதிகம் படித்தேன்.

விஷயம் இவ்வளவுதான். பதிப்புரிமைக்காக 1886-இல் உருவான பெர்ன் என்ற பன்னாட்டு உடன்படிக்கையை 1908-இல் பெர்லினில் திருத்தியபோது, பதிவு செய்வது முதலான எந்தச் சடங்கும் இல்லாமலே படைப்பவருக்கு உரிமை உண்டு என்று வைத்துவிட்டார்கள். நீங்கள் எழுதிவிட்டால் அது உங்களுடையது. ஆனால் எழுதியிருக்க வேண்டும். 1994-இல் வந்த, அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் இதைப் பச்சையாகவே சொல்கிறது: பாதுகாப்பு வெளிப்பாட்டுக்குத்தான், யோசனைக்கு இல்லை. மனதில் முழுசாக இருக்கும் நாவலுக்கு உலகத்தில் எங்கேயும் சட்டப் பாதுகாப்பு கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், எழுதிய மூன்று பக்கத்தைப் பூட்டி வைக்கிற அதே ஆள்தான் எழுதாத முந்நூறு பக்கத்தை ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டு வருகிறார்.

கதையைச் சொல்லியே தீர்ப்பது

என்னிடம் ஒரு தபால்காரர் இருந்தார். அணை கட்டுவதற்காக ஓர் ஊரையே காலி செய்கிறார்கள். ஆட்கள் போய்விட்டார்கள், தண்ணீர் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியிலும் ஊருக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. தபால்காரர் தினமும் சைக்கிளில் போய் வருகிறார். இதுதான் நாவல். தோன்றிய அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். நான் விடியும்வரை காத்திருந்து, அலுவலக நண்பரிடம் சொன்னேன்.

அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அதுதான் வினை. அடுத்த வாரம் இன்னொருவரிடம் சொன்னேன். கல்யாண வீட்டில், பந்திக்கு இடம் கிடைக்கும்வரை நின்ற கூட்டத்தில் சொன்னேன். எங்கே நிறுத்தினால் எதிரே இருப்பவர் "அப்புறம்?" என்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சைக்கிள் மணி அடிக்கும் இடத்தில் குரலைத் தாழ்த்தப் பழகினேன். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் மெருகேறியது. நாவல் வளர்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வளர்ந்தது நாவல் இல்லை, என் கதாகாலட்சேபம்.

இரண்டு வருஷம் கழித்து, ஒருவழியாக விடுப்பு எடுத்து உட்கார்ந்தேன். முதல் நாள் நான்கு பக்கம், இரண்டாம் நாள் மூன்று, மூன்றாம் நாள் இரண்டு. அத்தோடு நின்றது. எழுதுகிற ஒவ்வொரு வரியும் ஏற்கனவே சொல்லித் தேய்ந்த வரியாக இருந்தது. வாயில் சொன்னபோது உயிரோடிருந்தது என் முகமும் கையும் அந்த நிறுத்தமும். தாளில் அவை வரவில்லை. எனக்கே அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை போய்விட்டிருந்தது. எழுதுகிறவனுக்கு அந்த ஆசை போனால், மிச்சம் இருப்பது தட்டச்சு வேலை.

இது என் சோம்பேறித்தனம் என்றுதான் பல வருஷம் நம்பினேன். பிறகு, பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். சட்ட மாணவர்களையும் வைத்துச் செய்த சோதனைகள் அதில் உண்டு. ஒருவர் தான் ஆக விரும்புவதை நோக்கிய உறுதியை வேறொருவர் கவனித்து அங்கீகரித்துவிட்டால், அதற்கான உழைப்பு குறைகிறது என்று கண்டார்கள். ஆகிவிட்டோம் என்ற திருப்தியின் ஒரு பங்கு முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். கல்யாண வீட்டுக் கூட்டம் எனக்குக் கொடுத்தது அந்த முன்பணத்தைத்தான். நான் அன்றைக்கே நாவலாசிரியன் ஆகிவிட்டேன். அப்புறம் எதற்கு எழுத வேண்டும்?

இன்னொரு கஷ்டம், கேட்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். தபால்காரருக்கு ஒரு காதல் வைக்கச் சொன்னார் ஒருவர். ஒதுக்கிவிட்டேன். மனைவியின் தம்பி முழுக்கக் கேட்டுவிட்டு, "அத்தான், அந்தத் தபால்காரரே செத்துப்போனவர்னு கடைசியில வச்சா?" என்றான். அபத்தம். ஆனால் அதைக் காதில் வாங்கிய நாள்முதல் என் தபால்காரர் சைக்கிளில் ஏறும்போதெல்லாம் அவர் கால் தரையில் படுகிறதா என்று நானே குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். கதை முளைவிடும்போது ஒருவர் சொல்லும் தப்பான யோசனையைக்கூட அப்புறப்படுத்த முடியாது. முடிந்த கதையில் அதே யோசனையைச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போகலாம்.

உண்மையிலேயே வயிற்றெரிச்சல் தருவது இனிமேல்தான். எல்லாம் ஓய்ந்த பிறகு, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரோடு தற்செயலாகப் பேசிக்கொண்டிருந்தேன். கொடுக்க முடியாத கடிதத்தை என்ன செய்வீர்கள் என்று சும்மா கேட்டேன். "உறை மேல காரணம் எழுதணும் தம்பி. வீடு பூட்டியிருந்தா பூட்டியிருக்குன்னு. ஆளே போயிட்டா, போயிட்டாருன்னு. பூட்டியிருந்தா மறுபடி போய்ப் பார்க்கலாம். போயிட்டாருன்னு எழுதிட்டா திருப்பி அனுப்பிட வேண்டியதுதான்" என்றார்.

அப்படியானால் என் தபால்காரர் ஆளே இல்லாத ஊரில் நின்றுகொண்டு, ஒவ்வொரு உறையின் மேலும் "வீடு பூட்டியிருக்கிறது" என்று பொய் எழுதியிருப்பார். மறுநாளும் வர வேண்டுமே. அந்த ஒரு பொய்யில் முழு நாவலும் இருக்கிறது. நான் இருபது பேரிடம் சொன்னேன், ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இது ஆரம்பத்திலேயே கிடைத்திருக்கும். கிடைத்தபோது எழுத நாவல் இல்லை. அந்த ஒன்பது பக்கம் இன்னும் இருக்கிறது. மனைவியின் தம்பி மட்டும் இப்போதும் அந்தக் கதையை எங்காவது சொல்கிறானாம், செத்துப்போன தபால்காரரோடு. நன்றாகப் போகிறதாம்.

ஆகவே, என்ன எழுதுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் "ஒரு தபால்காரரைப் பற்றி" என்று சொல்லி நிறுத்துங்கள். அப்புறம் என்று கேட்டால் அவர் பையன் படிப்பைப் பற்றிக் கேளுங்கள். தகவலுக்காக ஒருவரிடம் போனால் கேள்வி மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்வி எதற்கு என்று விளக்க ஆரம்பித்தால் மறுபடி காலட்சேபம்தான். முதல் வரைவு முடிந்த பிறகு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். அப்போது பெரும்பாலும் சொல்லப் பிடிக்காது.

ஒரே பிரதி

1922 டிசம்பரில் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் மனைவி, சுவிட்சர்லாந்தின் லொசானில் இருந்த கணவருக்காக அவர் எழுதியவற்றை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு பாரிஸிலிருந்து கிளம்பினார். பாரிஸிலேயே உள்ள 'கார் த லியோன்' ரயில் நிலையத்தில் பெட்டி களவு போயிற்று. கார்பன் பிரதிகளும் அதே பெட்டியில்தான் இருந்தன. எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லும்போது திருடனைத் திட்டுவார்கள். கவனிக்க வேண்டியது கார்பன் பிரதியை. இரண்டு பிரதியும் ஒரே பெட்டியில் இருந்தால் அது ஒரு பிரதிதான். மடிக்கணினியில் ஒன்று, அந்த மடிக்கணினிப் பையிலேயே செருகிய பென் டிரைவில் இன்னொன்று என்று வைத்திருக்கிறவர்கள் யோசிக்கலாம். ஹெமிங்வேயின் கதைகளில் ஒன்று அப்போது வெளியே ஒரு பத்திரிகைக்குப் போயிருந்ததால் தப்பித்தது. அனுப்பி வைப்பதில் அப்படியும் ஒரு லாபம்.

கோப்புக்குப் பெயர்

"இறுதி", "இறுதி புதியது", "இதுதான் இறுதி". தேதியைப் போடுங்கள், போதும்.

வீட்டில் கருத்துக் கேட்பது

கேட்காதீர்கள். கேட்டால், அதில் வரும் பொல்லாத மாமியார் யார் என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

பழைய எழுத்துருவில் அனுப்புவது

இன்னுமா என்று கேட்பீர்கள். இன்னும்தான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறையான யூனிகோடின் முதல் பதிப்பு 1991-இல் வந்தது, அதிலேயே தமிழ் உண்டு. ஆனாலும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் கைபழகிவிட்டவர்கள் அதிலேயே அடித்து அனுப்புகிறார்கள். அதில் கணினி சேமிப்பது தமிழை இல்லை, ஆங்கில எழுத்துகளுக்கான எண்களை. எழுத்துரு இருக்கிற கணினியில் தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு மழை. நான் அப்படி அனுப்பிய கதைக்கு வந்த பதில்: "தங்கள் கதையைத் தமிழில் படிக்க ஆவலாக உள்ளோம்."

யூனிகோடிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. போட்டிக்காரர்கள் "இத்தனை எழுத்துகளுக்குள்" என்று சொன்னால் எதை வைத்து எண்ணுவார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து. இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் மென்பொருளுக்கு அது ஐந்து. நீங்கள் அளவாக முடித்த கதை அங்கே வரம்பு மீறி நிற்கும்.

முடித்த ராத்திரியே அனுப்புவது

காலையில் படித்துப் பாருங்கள். நான் அப்படி அனுப்பிய ஒரு கதையில் கதாநாயகி பெயர் நான்காம் பக்கத்திலிருந்து வேறு.

"கிடைத்ததா?" என்று கேட்பது

கிடைத்திருக்கும்.

தலைப்பைச் சேர்த்து வைப்பது

எழுதாத கதைகளுக்கு என்னிடம் 31 தலைப்புகள் இருக்கின்றன. சில மிக நன்றாகவே இருக்கின்றன. தலைப்புக்கு மட்டும் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது, அதனால் வேண்டுமென்றவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். "வீடு பூட்டியிருக்கிறது" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.