பட்டுக்கூடும் ரோஜாவும்: ஓசூரில் ஒரு சிட்டி கல்யாணத்தைத் திட்டமிடுவது எப்படி?

என் கணவரும் நானும் முதன்முதலில் பேசியது ஈரப்பதத்தைப் பற்றி. ஏப்ரல் மாத மாலை, ஓசூரிலிருந்து தருமபுரி போகும் ரயில். பாலக்கோடு பக்கத்தில் எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம். அன்றைக்கு ஷெட்டில் வெக்கை தாங்காமல் புழுக்கள் இலை எடுக்காமல் கிடப்பதாக அம்மா போனில் தவித்தார். "ஈரச்சாக்கு கட்டும்மா, தரையில தண்ணி தெளி" என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட எதிர் சீட்டுக்காரர், "தப்பா நினைக்காதீங்க, ஃபாகர் போட்டுப் பார்த்தீங்களா?" என்றார். ஓசூர் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பசுமைக்குடில் மேற்பார்வையாளராம். கெலமங்கலத்தில் இறங்குவதற்குள் எந்த உயரத்தில் குழாய் கட்ட வேண்டும் என்பதுவரை சொல்லிவிட்டார். அடுத்த வாரம் நான்கு ஃபாகர் முனைகளைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். இன்றும் எங்கள் ஷெட்டில் பனிபோல் தண்ணீர் தெளிப்பவை அவைதான்.

அவர் வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். சாதியும் வேறு. இரண்டு வீடும் மனசார ஒத்துக்கொள்ள இரண்டு வருடம் ஆயிற்று. ஒத்துக்கொண்ட அன்றே அடுத்த கேள்வி வந்தது: கல்யாணத்தை எங்கே, எப்படி நடத்துவது? ஊரே கூடும் மண்டபக் கல்யாணம் எங்கள் இருவருக்கும் வேண்டாம். நகரத்தில், அளவாக, அழகாக ஒரு கல்யாணம் வேண்டும். இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாங்கள் திணறினோம். அதே இடத்தில் நிற்பவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: இரண்டு வீட்டு வேலையையும் பார்த்துத் தேதி குறியுங்கள்

பஞ்சாங்கத்தைத் திறக்கும் முன் ஒரு தாளில் இரண்டு வீட்டாரும் நகர முடியாத நாட்களை எழுதுங்கள். எங்களுக்கு எல்லாவற்றையும் நேர்ப்படுத்தியது இந்தத் தாள்தான்.

நான் முதலில் தை மாதம் கேட்டேன். அவர் முடியாது என்றார். பிப்ரவரி 14-க்கான ரோஜா, ஜனவரி கடைசியிலிருந்தே ஓசூர் பண்ணைகளிலிருந்து வெளிநாட்டுக்கும் பெருநகரங்களுக்கும் போகும். அந்த நாட்களில் பண்ணையில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது, பூவின் விலையும் ஏறிவிடும். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றையும் வீட்டுப் பெரியவர்கள் கழித்தார்கள். வைகாசி மிஞ்சியது.

அடுத்தது எங்கள் புழு. இளம்புழு மையத்திலிருந்து சாக்கி எனப்படும் இளம்புழுக்களை வாங்கி வந்த நாளிலிருந்து கூடு விற்கும்வரை ஏறக்குறைய 25 நாட்கள். அதில் நான்காம் தோலுரிப்பு முடிந்த பிறகு வரும் ஒரு வாரம் மிகக் கடுமையானது. ஒரு புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்த ஒரு வாரத்தில்தான் தின்கிறது. "அப்போ கல்யாணம் வெச்சா நான் மேடையில நிக்க முடியாது பாப்பா, இலை அறுத்துட்டுதான் இருப்பேன்" என்றார் அம்மா. ஆகவே ஒரு தொகுதி கூடு விற்று, ஷெட்டைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்து காயவிடும் இடைவெளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தோம். அதற்கேற்ப, அந்தத் தொகுதிக்கான சாக்கியை எந்த நாளில் எடுப்பது என்று இரண்டு மாதத்துக்கு முன்பே அப்பா சொல்லி வைத்தார்.

உங்கள் வீட்டில் தக்காளி அறுவடை இருக்கலாம், கிருஷ்ணகிரிப் பக்கமென்றால் மாங்காய்க் குத்தகை இருக்கலாம், தம்பிக்குத் தேர்வு இருக்கலாம். எல்லாம் அந்தத் தாளில் வரட்டும். வளர்பிறை முகூர்த்த நாளில் மண்டபமும் சமையல்காரரும் கிடைப்பது கடினம். வீட்டார் சம்மதித்தால் சாதாரண ஞாயிறு எவ்வளவோ நல்லது.

இரண்டாம் படி: பெயர்ப் பட்டியல், பிறகு ஊர்

எந்த ஹோட்டலையும் பார்க்கப் போகாதீர்கள். முதலில் பெயர்களை எழுதுங்கள். "சுமார் இருநூறு" என்று வாயால் சொன்னால் அது முந்நூறாகும். நாங்கள் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்த ஊரிலிருந்து, எதில் வருவார்கள் என்று எழுதினோம். 160 பேர். அதில் 90 பேருக்குச் சொந்த வண்டி இல்லை. இந்த எண் தெரிந்த பிறகுதான் பெங்களூரு ஆசையை விட்டோம். தமிழ்நாட்டு வாடகைப் பேருந்து கர்நாடக எல்லையைத் தாண்டத் தனி அனுமதியும் வரியும் தேவைப்படலாம். நெரிசலில் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்றும் சொல்ல முடியாது. ஓசூர் என்றால் எல்லைக்கு இந்தப் பக்கம். ராயக்கோட்டை வழியாகப் பாலக்கோட்டிலிருந்தும் வரலாம், தேன்கனிக்கோட்டையிலிருந்து இன்னும் பக்கம்.

இரண்டு பேருந்து வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், கையில் பெயர்ப் பட்டியல், தண்ணீர், வாந்தி வருபவர்களுக்கு எலுமிச்சை. திரும்பும் நேரத்தையும் அழைப்பிதழோடு ஒரு சின்னச் சீட்டில் அச்சிட்டோம்: மாலை 3 மணி. ஊரில் மாடு கறக்க வேண்டியவர்கள் அதைப் பார்த்துத்தான் நிம்மதியாகக் கிளம்பினார்கள். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் என்ற வழக்கத்தை இதனால்தான் விட்டோம். எல்லாம் ஒரே பகலில்.

மூன்றாம் படி: யார் வீட்டு முறை?

வேறுவேறு வழக்கமுள்ள இரண்டு குடும்பங்கள் மனம் கசந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். ஆகையால் இதைச் சீக்கிரமாகவே பேசிவிடுங்கள். எங்களுக்கு வழிகாட்டியது இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவு. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர்கள், நண்பர்கள் முன்னிலையில் மணமக்கள் தங்களுக்குப் புரிகிற எந்த மொழியிலும் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்து, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ அந்தத் திருமணம் செல்லும்.

"புரிகிற எந்த மொழியிலும்" என்ற இடத்தை அவர்தான் எனக்குக் காட்டினார். நான் உறுதிமொழியைத் தெலுங்கில் சொன்னேன், அவர் தமிழில் சொன்னார். ஒரு மாதம் பயிற்சி எடுத்தேன். நான் சொல்லி முடித்ததும் அவருடைய பாட்டி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மதம் வேறாக இருந்தால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் வழி தருகிறது. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும் என்பதைத் தேதி குறிக்கும்போதே கணக்கில் எடுங்கள்.

நான்காம் படி: இடம்

தனி மண்டபம், தனி ரிசப்ஷன் ஹால் என்று பிரிக்காமல் ஒரே கட்டடத்தில் மேலே விழா, கீழே சாப்பாடு என்று இருந்தால் பெரியவர்கள் அலையத் தேவையில்லை. ஓசூரில் சந்திரசூடேஸ்வரர் மலை தெரியும் மொட்டைமாடி உள்ள ஒரு ஹோட்டலைப் பிடித்தோம். லிஃப்ட் வேலை செய்கிறதா என்று நீங்களே ஏறிப் பாருங்கள். வாடகைக்கு மேல் என்னென்ன வரும் என்று கேளுங்கள்: ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, மின்சாரம், பாத்திரம். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வைகாசியில் ஓசூரில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வரலாம், காலையில் வெயில் ஏறும். அவர் பண்ணைக்குத் துணி கொடுப்பவரிடமே வெள்ளை நிழல்வலை வாங்கி மாடி முழுக்க இழுத்துக் கட்டினோம். வெயில் மெல்லிய பால்போல் இறங்கியது. படங்களில் பார்ப்பவர்கள் இன்னும் எந்த டெகரேட்டர் என்று கேட்கிறார்கள். மழை வந்தால் இறங்கிக்கொள்ளக் கீழ்த்தளச் சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு மூலையையும் காலியாக வைத்திருந்தோம். தேவைப்படவில்லை.

ஐந்தாம் படி: நிறம், அலங்காரம், பட்டுக்கூட்டு மாலை

ஸ்டைல் என்றால் நிறையப் பொருட்கள் என்று நினைத்துவிடுகிறோம். ஒரு நிறம், ஒரு பூ, ஒரு பொருள், அவ்வளவு போதும் என்பது என் உறுதியான கருத்து. நாங்கள் எடுத்தது கூட்டின் வெண்மை, மல்பெரி இலையின் பச்சை, ஒற்றை ரோஜா.

உண்மையில் அலங்காரத்தை ஒருவரிடம் ஒப்படைத்து முன்பணமும் கொடுத்திருந்தோம். இரண்டு வாரத்துக்கு முன் அவர் வேறொரு பெரிய கல்யாணம் வந்துவிட்டதாகச் சொல்லி விலகினார். எழுத்தில் எதுவும் இல்லாததால் பாதிப் பணம்தான் திரும்பியது. நீங்கள் முன்பணம் கொடுக்கும்போது தேதி, நேரம், என்னென்ன செய்வார், விலகினால் எவ்வளவு திருப்புவார் என்று நான்கு வரியாவது எழுதி வாங்குங்கள். நல்லவேளை, மணமாலை வேலையை மட்டும் நாங்கள் முந்தைய தொகுதியிலேயே தொடங்கியிருந்தோம்.

தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோகும் முன் கூடுகளைத் தரம் பிரிப்போம். கறைபட்டது, மெலிந்தது, இரட்டைக்கூடு எல்லாம் தனியே போகும். இரட்டைக்கூடு என்பது இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டுகிற ஒரே கூடு. உள்ளே இரண்டு இழைகளும் பின்னிக்கொள்வதால் நூற்பவர்களால் அறுபடாமல் இழுக்க முடியாது, அதனால் விலை குறைவு. கழித்த கூடுகளில் ஒரு கூடையை அப்பா என்னிடம் தள்ளி, "இதுல செய் பாப்பா, இது ரெண்டு பேர் கட்டுன வீடு" என்றார். மாலை என்ன மாதிரி இருக்கவேண்டும் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

செய்வது இப்படி. கூட்டுக்குள் கூட்டுப்புழு உயிரோடு இருக்கும். அப்படியே கோத்தால் சில நாட்களில் அந்துப்பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வரும். நாங்கள் கூடுகளை ஒரு தட்டில் பரப்பி, பூச்சிகள் தாமாக வெளியேறும்வரை காத்திருந்தோம். பிறகு துளை விழுந்து பழுப்பேறிய முனையைச் சிறு கத்தரியால் நறுக்கினால் கூடு ஒரு குட்டிக் கிண்ணமாகும். உள்ளே இருக்கும் தோலைத் தட்டி எடுத்துவிடுங்கள். விளிம்பில் ஐந்து வெட்டு கொடுத்து வெளிப்பக்கம் மடித்தால் ஐந்திதழ்ப் பூ. இரண்டு நாள் இளவெயிலில் காயவைத்தால் வாடை போய்விடும். அதன்பின் காய்ந்த வேப்பிலையோடு துணிப்பையில் கட்டி வையுங்கள், வண்டு அரிக்காது.

கோக்க உறுதியான நூலை இரட்டையாக எடுத்து, தடித்த ஊசியால் ஒவ்வொரு பூவின் அடியிலும் குத்தி, இடையிடையே ஒரு பச்சை மணி. எங்களுக்கு ஒரு சரத்துக்கு 50 பூ பிடித்தது. மூன்று சரம் சேர்ந்தால் ஒரு மாலை. நடுவில் பதக்கம்போல் ஒரே ஒரு இரட்டைக்கூடு. மாலை எடையே இல்லாமல் இருக்கும், கழுத்து வேர்க்காது, வாடாது. இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டும் தொங்குகின்றன.

உங்கள் வீட்டில் கூடு இல்லாமல் இருக்கலாம். பென்னாகரம் பக்கம் சாமைக் கதிர் இருக்கும், அரூர் பக்கம் மஞ்சள் கொத்து இருக்கும், மாந்தோப்பு இருந்தால் இலையே தோரணம். வீட்டில் விளைவது எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள்.

ஆறாம் படி: பூவும் உடையும்

ரோஜாவை மேசை அலங்காரத்துக்கு மட்டும் வைத்தோம். பண்ணையில் 20 காம்புகள் ஒரு கட்டு. சிவப்பில் தாஜ்மஹால், வெள்ளையில் அவலாஞ்ச் எல்லோருக்கும் தெரிந்த ரகங்கள். நாங்கள் வெள்ளை எடுத்தோம். முதல் நாள் மாலை கொண்டுவந்து, கீழ் இலைகளை உருவி, காம்பைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக ஒரு அங்குலம் வெட்டி, இரவு முழுவதும் குளிர்ந்த அறையில் வாளியில் நிறுத்துங்கள். மறுநாள் மாலைவரை தலை தொங்காது.

முகூர்த்தத்துக்குப் பட்டுச் சேலை. சாப்பாட்டு நேரத்துக்கு டூபியான் பட்டில் தைத்த நீளப் பாவாடையும் தாவணியும். முடிச்சும் திரட்டுமாக இருக்கும் அந்தத் துணி முதலில் இரட்டைக்கூட்டு நூலிலிருந்து வந்ததுதான் என்று தெரிந்ததும் வேறெதையும் பார்க்க மனம் வரவில்லை. மோதிரத்துக்குப் பதில் ஓசூர் டைட்டன் கைக்கடிகாரங்களை மாற்றிக்கொண்டோம்.

ஏழாம் படி: சாப்பாடு

இலைக் கணக்கை ஒரு வாரத்துக்கு முன் உறுதி செய்யுங்கள். வாழையிலையில் சாமைப் பொங்கல், சின்ன ராகி களி உருண்டை, கீரைக் கடைசல், வழக்கமான சாதம், சாம்பார், ரசம். இனிப்புக்குப் பதிலாகக் கிருஷ்ணகிரி செந்தூராவும் பங்கனப்பள்ளியும் நறுக்கித் தந்தோம். களியைப் பெங்களூரு நண்பர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

எட்டாம் படி: பதிவு

கல்யாணம் முடிந்தாலும் வேலை முடியவில்லை. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் அடுத்த 60 நாட்களுக்குள் கூடுதல் கட்டணத்தோடு செய்யலாம். வயதுச் சான்று, முகவரிச் சான்று, அழைப்பிதழ், படங்கள், சாட்சிகள் தேவை. எல்லா ஆவணத்திலும் பெயர் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். என் தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருந்ததால் ஒரு முறை திரும்பி வந்தோம்.

சாட்சிக் கையெழுத்துப் போட ஓசூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அம்மா வந்தார். அன்று விடியற்காலையில்தான் வீட்டுக்கு அடுத்த சாக்கி வந்து இறங்கியிருந்தது. கையெழுத்துப் போட்ட விரலில் மல்பெரிப் பால் கறை. சான்றிதழை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, மாலை இலை போடவேண்டும் என்று ராயக்கோட்டை பஸ்ஸுக்கு விரைந்தார்.