சாரல் காலத்தில் தேவதைப் பொம்மையின் தலை நின்ற விதம்

செங்கோட்டையில் ஆடிச் சாரல் தொடங்கிவிட்டால் துணியே இரண்டு நாள் காயாது. அந்த நாள்களில்தான் ஆறு வயது மகளுடன் தேவதைப் பொம்மை செய்ய உட்கார்ந்தேன். தலைக்குப் பிளாஸ்டிக் மணி, உடலுக்குப் பைப் கிளீனர் என்னும் பஞ்சிழை சுற்றிய மெல்லிய கம்பி, பாவாடைக்குத் துணிப்பூவின் இதழ்கள், எல்லாவற்றையும் இணைக்க வெள்ளைப் பசை. மறுநாள் காலையில், "அம்மா, தலை கழண்டுட்டு" என்று அவள் கண் கலங்கி நின்றாள்.

வெள்ளைப் பசை தன்னிலுள்ள நீர் வெளியேறினால்தான் இறுகும் என்பதையும், நீரை உறிஞ்சாத பிளாஸ்டிக் மணிக்குள் அடைபட்ட பசை ஈரக்காற்றில் நாள்கணக்கில் பாலாகவே கிடக்கும் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். ஆகவே கழுத்துக்குப் பசையையே விட்டுவிட்டேன். முப்பது சென்டிமீட்டர் கம்பியை நடுவில் மடித்து, மடிப்பு மணியின் மேலே சிறு வளையமாக நீளும்படி கீழிருந்து செருகி, மணிக்குக் கீழே மூன்று முறுக்கு முறுக்கியதும் தலை அசையாமல் நின்றது. அந்த வளையத்திலேயே கம்பளி நூலைக் கோத்து முடியாக்கினோம். பழைய நைலான் துப்பட்டாவில் வெட்டிய இறக்கைகளை முதுகில் ஊசிநூலால் தைத்தேன். கைகால்களின் முனைக்கம்பி குழந்தையின் விரலைக் குத்தும். அதை உள்நோக்கி மடக்குவது கட்டாயம்.

பாவாடை இதழ்களை மகளே கோத்தாள். அவற்றை நான் திருத்தவில்லை.