சுக்கினியை உறைய வைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஊட்டிப் பக்கம் விளையும் சுக்கினி இப்போது கோவை, திருப்பூர் கடைகளிலும் கிடைக்கிறது. மாடித் தோட்டத்தில் இரண்டு செடி வைத்திருந்தால் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தும் மிஞ்சும். மிஞ்சியதை ஃப்ரீசரில் வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் பூசணிக் குடும்பத்துக் காய் இது, ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். முதல் தடவை நான் பச்சையாகவே நறுக்கி ஒரே கவரில் கட்டி வைத்தேன். எடுத்தபோது பனிக்கட்டியாக ஒரே உருண்டை. உருகியதும் சொதசொதவென்று ஆகி, கூட்டுக்குக்கூட உதவவில்லை.

காயைத் தேர்ந்தெடுப்பதிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. ஒரு சாணுக்கு மேல் வளராத பிஞ்சாக எடுங்கள். முற்றிய காயில் விதை தடித்து, நடுச்சதை பஞ்சாகிவிடும். அதுதான் கிடைத்தது என்றால் விதையை வழித்துவிட்டுத் துருவிக்கொள்ளலாம்.

நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். சுரைக்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் வீட்டில் அம்மாக்கள் செய்வதுதான். கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காயையே எறிந்துவிடுங்கள். கசப்பைத் தரும் குக்குர்பிட்டசின் வேகவைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

பலரும் விட்டுவிடுவது, வெந்நீரில் போட்டு எடுக்கும் வேலையை. ஃப்ரீசருக்குள்ளும் காயின் நொதிகள் மெதுவாக வேலை செய்து நிறத்தையும் ருசியையும் கெடுக்கும். கொதிநீர்தான் அவற்றை அடக்கும். அரை அங்குல வில்லைகளாக்கி, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் 3 நிமிடம் போடுங்கள். அரை கிலோவுக்கு 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். சின்னப் பாத்திரத்தில் மொத்தத்தையும் கொட்டினால் கொதி அடங்கி, அது திரும்பி வருவதற்குள் காய் குழைந்துவிடும். எடுத்த உடனே ஐஸ் தண்ணீரில் அதே 3 நிமிடம். குழாய்த் தண்ணீர் போதாதா என்று கேட்பார்கள். சித்திரை வெயிலில் நம் மாடித் தொட்டித் தண்ணீரே சுடுகிறது, அதில் போட்டால் காய் உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும்.

அப்புறம் ஈரம். நன்றாக வடித்து, ஈரோட்டுப் பருத்தித் துண்டு ஒன்றில் பரப்பி ஒற்றி எடுங்கள். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் கவரில் போட்டால், வேண்டியதை மட்டும் உதிர்த்து எடுக்கலாம். கவரில் உள்ள காற்றை அழுத்தி வெளியேற்றி, தேதியை எழுதிவிடுங்கள்.

கேக்குக்கும் அடைக்கும் என்றால் துருவி, இட்லிப் பானையில் துணி போட்டு ஓரிரு நிமிடம் ஆவி காட்டினால் போதும். ஆறியதும் கப் அளவாகத் தனித்தனிக் கவரில் போடுங்கள். கேக் செய்யும் முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, காலையில் இறங்கியிருக்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அப்படியே மாவில் கொட்டினால் கேக் நடுவில் வேகாமல் அமுங்கும். வடித்த தண்ணீரைப் பருப்பு வேகவைக்க ஊற்றிக்கொள்ளலாம்.

கூட்டுக்கு, சாம்பாருக்கு உருக வைக்கவே வேண்டாம். பருப்பு வெந்து, மசாலா வாசம் அடங்கிய பிறகு கட்டியாகவே போட்டு ஒரு கொதி விட்டால் சரி. பொரியலுக்கு இந்தக் காயை நான் சொல்லமாட்டேன், மொறுமொறுப்பு திரும்பாது.

மைனஸ் 18 டிகிரி நிலையாக இருக்கும் ஃப்ரீசரில் எட்டு மாதம் வரை ருசி கெடாது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டியில் அவ்வளவு குளிர் நிற்பதில்லை, ஒன்றிரண்டு மாதத்தில் தீர்த்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் கரண்ட் போய் மாலையில் வரும் நாளில், இடையில் கதவைத் திறந்து பார்ப்பதும் தவறுதான். வந்த பிறகு பாருங்கள். காயில் பனித்துகள் மிச்சம் இருந்தால் திரும்ப உறைய விடலாம். முழுக்க உருகியிருந்தும் குளிர் விடாமல் இருந்தால் அன்றிரவே கூட்டு வைத்துவிடுங்கள்.