பினாங்கில் பஸ் ஏற ஜெட்டிதான் நல்ல இடம்

மலேசியாவின் பினாங்கில் பத்து பெரிங்கி கடற்கரைக்கோ பினாங்கு மலைக்கோ பஸ்ஸில் போவதாக இருந்தால், ஜார்ஜ் டவுன் நகர நடுவிலுள்ள கொம்தார் கோபுரத்து பஸ் நிலையத்தில் ஏறாதீர்கள். வெல்ட் கீ படகுத்துறையான ஜெட்டிக்கே போய் ஏறுங்கள். கடற்கரைக்கு 101 எண் பஸ், மலையடிவாரத்துக்கு 204. இரண்டுமே ஜெட்டியில் கிளம்பி கொம்தார் வழியாகத்தான் போகின்றன. ஜெட்டியில் காலி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்துவிடலாம். கொம்தாரில் ஏறுகிறவர்கள்தான் கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள். ஜார்ஜ் டவுனுக்குள்ளிருந்து ஜெட்டிக்கு கேட் என்ற இலவசப் பஸ் இருப்பதால் கூடுதல் செலவும் கிடையாது.

ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டுகளையும் சில்லறையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் இடத்தைச் சொன்னால் ஓட்டுநர் கட்டணம் சொல்வார். பணத்தை அவர் பக்கத்துப் பெட்டியில் போட வேண்டும். பத்து வெள்ளியை நீட்டினால் மீதி வராது. அப்புறம், பஸ் தானாக நிற்கும் என்று இருந்துவிடாதீர்கள், கையைக் காட்டுங்கள்.

திரும்பும்போது இது உதவாது. 101 கடற்கரைக்கு அப்பாலுள்ள தெலுக் பஹாங்கிலிருந்து வருவதால், வார இறுதி மாலையில் பத்து பெரிங்கிக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். கொம்தார் பக்கத்திலேயே தங்கி, விடிகாலையில் கிளம்புகிறவர்களுக்கும் ஜெட்டி வரை போவது வீண் அலைச்சல்.