வீடு, மனை மேல் உள்ள வில்லங்கம்: கண்டுபிடிப்பது, நீக்குவது, விற்பது எப்படி?

சட்டத் தமிழில் பற்றுரிமை, பொறுப்பு, பிணை என்று பல பெயர்கள் உண்டு. தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: வில்லங்கம். சொத்தின் உரிமை உங்களிடம் இருக்கும். அதே சொத்தைக் காட்டிப் பணம் கேட்கும் உரிமை இன்னொருவரிடம் இருக்கும். சொத்து கை மாறினாலும் அந்த உரிமை அதோடு சேர்ந்தே போகும். விற்றாலும் போகும், தந்தை காலமாகிப் பிள்ளைகளுக்கு வந்தாலும் போகும். முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான்: கடனை அடைப்பது ஒரு வேலை, வில்லங்கத்தை நீக்குவது தனி வேலை. பெரும்பாலான சிக்கல்கள் முதல் வேலையோடு நின்றுவிடுவதால் வருகின்றன.

படி 1: வில்லங்கச் சான்று எடுங்கள்

சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்தான் வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் 1975 முதலான பதிவுகளைப் பெரும்பாலான ஊர்களுக்கு இலவசமாகப் பார்க்கலாம். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். வங்கி 13 ஆண்டு போதும் என்று சொன்னாலும் நீங்கள் 30 ஆண்டு பார்ப்பதே நல்லது. அடமானம் வைத்தவர் சொத்தை மீட்க வழக்குப் போடச் சட்டம் தரும் காலம் 30 ஆண்டு.

இங்கே நடக்கும் தவறு பெரும்பாலும் எண்ணில்தான். இன்று 112/3பி என்று இருக்கும் மனை, 20 ஆண்டுக்கு முன் 112/3 என்றோ வெறும் 112 என்றோ இருந்திருக்கும். புதிய உட்பிரிவை மட்டும் போட்டுத் தேடினால் பழைய அடமானம் கண்ணில் படாது. தாய்ப்பத்திரத்தில் (சொத்தின் பழைய மூலப் பத்திரத்தில்) உள்ள எண்களை எல்லாம் எழுதி வைத்து ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நகரப் பகுதியில் பழைய சர்வே எண்ணோடு நகர நில அளவை எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். கிராமம் இடையில் வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் இரண்டு அலுவலகங்களிலும் தேட வேண்டும்.

பதிவே இல்லை என்று சான்று வந்தால், நீங்கள் கொடுத்த எண்ணுக்கு, கேட்ட காலத்தில், அந்த அலுவலகத்தில் எதுவும் பதிவாகவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

படி 2: சான்றை வரி வரியாகப் படியுங்கள்

கிரயம், தானம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை (தன் பங்கை விட்டுக்கொடுப்பது) ஆகியவை உரிமை கை மாறியதைக் காட்டும். அடமானம், உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு (பேச்சு வழக்கில் எம்.ஓ.டி.; அசல் பத்திரத்தை வங்கியில் கொடுத்துக் கடன் வாங்குவது), கிரய உடன்படிக்கை, நீதிமன்ற ஜப்தி ஆகியவை வில்லங்கங்கள். ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு அடமானத்துக்கும் எதிரே அதை முடித்த இரசீது ஆவணத்தின் (கடன் தீர்ந்தது என்று பதிவு செய்யும் பத்திரத்தின்) எண்ணை எழுதுங்கள். சான்றில் ‘முந்தைய ஆவண எண்’ என்று ஒரு பகுதி இருக்கும். இரசீது எந்த அடமானத்தை முடிக்கிறது என்பதை அதை வைத்துப் பொருத்தலாம். இரசீது இல்லாத அடமானம் ஒன்று மிஞ்சினாலும் அது 'ஓப்பன்' வில்லங்கம். “அது எப்பவோ கட்டி முடிச்சாச்சு” என்ற வாய்ச்சொல் போதாது, ஆவணம் கேளுங்கள்.

செட்டில்மெண்ட் பத்திரங்களைச் சான்றில் மட்டும் பார்த்து விடாதீர்கள். நகல் எடுத்து முழுவதும் படியுங்கள். எழுதிக் கொடுத்த பெற்றோர் தம் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையை அதில் வைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த வரி சான்றில் தெரியாமல் போகலாம்.

படி 3: சான்றில் வராதவற்றைத் தேடுங்கள்

எம்.ஓ.டி. ஆவணத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் தமிழ்நாட்டில் 2012 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பத்திரத்தை வங்கியில் கொடுத்துப் பெற்ற கடன் பதிவில் ஏறாமலே இருக்கலாம். அதனால்தான் அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், அசல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தொலைந்துவிட்டது என்றால் போலீஸ் புகார், பத்திரிகை அறிவிப்பு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்று மூன்றும் வேண்டும். வங்கிகள் அடமானங்களைப் பதியும் செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்திலும் சிறு கட்டணம் செலுத்தித் தேடலாம்.

நிலுவையில் உள்ள வழக்கு சான்றில் தெரிய வேண்டும் என்பதில்லை. இகோர்ட்ஸ் தளத்தில் மாவட்ட நீதிமன்றத்தைத் தேர்ந்து, உரிமையாளர் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்கினால், தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும். ஜப்தி செய்யப்பட்ட சொத்தை அதன் பிறகு வாங்கினால், ஜப்தி உத்தரவு பெற்றவரின் பாக்கிக்கு எதிராக அந்தக் கிரயம் நிற்காது.

சொத்துவரி, குடிநீர் வரி, மின்கட்டண இரசீதுகளை வாங்கிப் பாருங்கள். விவசாய நிலமென்றால் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பாக்கி இல்லை என்று சான்று கேளுங்கள்.

போக்கியமும் தென்மாவட்டங்களில் சொல்லும் ஒத்தியும் தனிக்கவனம் கேட்பவை. தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பவர், பணம் திரும்பி வரும்வரை காலி செய்ய மாட்டார். பல இடங்களில் இது பதிவு செய்யாத முத்திரைத்தாளில் முடிந்துவிடும். நேரில் போய், வீட்டில் இருப்பவரிடமே “வாடகையா, போக்கியமா, எவ்வளவு கொடுத்தீங்க?” என்று கேட்பதைவிட நல்ல வழி இல்லை. ஒத்தி வைத்து 30 ஆண்டு தாண்டினால் நிலம் ஒத்திக்காரருக்கே சொந்தம் என்ற பேச்சு ஊர்களில் உண்டு. அது தவறு, ஒத்தி போல இடத்தை அனுபவிக்கக் கொடுக்கும் அனுபவ அடமானத்தில் கெடு தாண்டியதால் மட்டும் மீட்கும் உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது.

படி 4: கடன் முடிந்ததும் இரசீது பதியுங்கள்

கடைசித் தவணை கட்டியதும் வங்கியிடம் மூன்று வாங்குங்கள்: கடன் முடிந்ததற்கான கடிதம், அசல் பத்திரங்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியும் இரசீது ஆவணம். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பத்து ஆண்டு கழித்து விற்கப் போகும்போது வங்கிக் கிளை வேறொன்றோடு இணைந்திருக்கும், கையெழுத்திட அதிகாரம் உள்ளவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் உத்தரவுப்படி, முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவில் உள்ள பொறுப்பையும் நீக்க வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு ₹5,000 இழப்பீடு. தேதி போட்ட கடிதம் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

படி 5: கடன் உள்ள வீட்டை விற்பது

இது தாராளமாகச் செய்யக்கூடியது. வரிசை மட்டும் தவறக் கூடாது. விலை ₹60 லட்சம், கடன் பாக்கி ₹18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் வங்கியிடம், குறிப்பிட்ட தேதி வரை வட்டி சேர்த்த பாக்கிக் கடிதமும், வங்கி வசம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் வாங்க வேண்டும். கிரய உடன்படிக்கையைப் பதிவு செய்து, அதில் ₹18 லட்சம் நேரடியாக அந்தக் கடன் கணக்குக்குப் போகும் என்று கணக்கு எண்ணோடு எழுதுங்கள். வாங்குபவர் அந்தத் தொகையை விற்பவர் கையில் தரக் கூடாது; வங்கிக்கே செலுத்த வேண்டும். இரசீது ஆவணம் பதிந்து, அசல் பத்திரங்கள் வந்த பின் மிச்சத்தைக் கொடுத்துக் கிரயம் பதியுங்கள். விலை ₹50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1% வருமான வரிப் பிடித்தம் உண்டு, இங்கே ₹60,000. வாங்குபவரும் கடன் எடுத்தால், அவருடைய வங்கியே பழைய வங்கிக்குப் பணம் செலுத்தி ஆவணங்களை வாங்கிக்கொள்ளும்.

மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விற்பவர் அதே வங்கியில் தனிநபர் கடன் வாங்கியிருப்பார், அல்லது நண்பருக்கு ஜாமீன் நின்றிருப்பார். வீட்டுக் கடன் முடிந்த பிறகும் அந்தப் பாக்கியைக் காட்டி ஆவணங்களை நிறுத்தி வைப்பதுண்டு. பாக்கிக் கடிதத்திலேயே, இத்தொகை செலுத்தினால் இந்தச் சொத்தின் மேல் வேறு எந்தக் கணக்குக்கும் உரிமை கோர மாட்டோம் என்று எழுதி வாங்குங்கள்.

படி 6: வாரிசாக வந்த சொத்தில் கடன் இருந்தால்

தந்தையின் கடனுக்குப் பிள்ளைகள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டுமா என்ற பயம் எல்லா வீட்டிலும் வரும். கடன் பத்திரத்தில் நீங்களும் கையெழுத்துப் போடாதவரை, உங்கள் பொறுப்பு உங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு அளவுக்குத்தான். ஆனால் அடமானம் வைத்த வீடு அந்தக் கடனுக்கு முழுதாகப் பதில் சொல்லும்.

காலமான சில நாள்களிலேயே வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கடனோடு சேர்த்து காப்பீடு எடுக்கப்பட்டிருந்ததா என்று முதலில் கேளுங்கள்; தவணையிலேயே பிரீமியம் சேர்ந்திருப்பதால் குடும்பத்துக்குத் தெரியாமல் இருக்கும். தவணையை நிறுத்தாதீர்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன் ஆகும். அதன் பின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, வழக்குத் தொடராமலே வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

மூன்று பிள்ளைகளில் ஒருவர் “என் பங்கு ₹6 லட்சம், கட்டிவிட்டேன், என் பகுதியை விடுங்கள்” என்று கேட்க முடியாது. அடமானம் முழுதாகத்தான் மீளும். ஒருவரே முழுத் தொகையையும் கட்டினால், மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்கும் உரிமை அவருக்கு வரும். செலுத்திய சான்றுகளை எல்லாம் தன் பெயரில் வைத்திருக்க வேண்டும். பாகப்பிரிவினையில் “கடனை மூத்தவர் கட்டுவார்” என்று எழுதினால் அது உடன்பிறந்தவர்களைத்தான் கட்டுப்படுத்தும், வங்கியை அல்ல. அதனால் கடனை முடித்து இரசீது பதிந்த பிறகு பிரிப்பதே நல்லது.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் வங்கி பொதுவாக ஆவணங்களைத் திருப்பித் தராது. இசேவை மையத்தில் உடனே விண்ணப்பியுங்கள். வாரிசுகளில் மைனர் இருந்தால், அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டியிருக்கும். அனுமதி கிடைக்க மாதங்கள் ஆகலாம். வாங்குபவரிடம் கெடு சொல்வதற்கு முன் அதையும் கணக்கில் எடுங்கள்.