அடையாற்றங்கரையில் குடியிருப்போர் வெள்ளத்துக்கு ஆயத்தமாவது எப்படி?

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது போதாது. 2015 டிசம்பர் 1 இரவு அங்கிருந்து அடையாற்றுக்கு வினாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேறியது உண்மைதான். ஆனால் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் இதே ஆற்றில்தான் சேர்கிறது. அவை நிரம்பினால் கலங்கல் (உபரிநீர் வழிந்தோடும் தாழ்வான கரைப்பகுதி) வழியே தாமாகவே வழியும் என்பதால், மதகு திறப்பு அறிவிப்பு வரட்டும் என்று காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். தாம்பரம், முடிச்சூர் பகுதிகளில் விடிய விடியக் கனமழை பெய்தால் அதையே முதல் எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள்.

அடுத்து கடலைப் பாருங்கள். பட்டினப்பாக்கம் அருகே முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்திருந்தாலோ, புயலால் கடல் கொந்தளித்தாலோ ஆற்றுநீர் வடியாமல் தேங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் (கடல்நீர் ஏற்றம்) கூடுதலாக இருக்கும். ஆகவே அக்டோபருக்கு முன்பே முகத்துவாரத்தைத் தூர்வாரும்படி குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் நீர்வளத்துறைக்கு மனு கொடுங்கள்.

வீட்டில் முதல் வேலை, 2015-இல் தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் குறிப்பது. மின்மீட்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, மோட்டார் சுவிட்சு ஆகியவை அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்க வேண்டும். ஆறு உயரும்போது மழைநீர் வடிகாலும் சாக்கடையும் பின்னோக்கிப் பாயும். வாசலில் தண்ணீர் வருமுன்பே கழிப்பறைக் கோப்பையில் நுரை பொங்கிக் கழிவுநீர் மேலேறுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பையைக் கோப்பைக்குள் அழுத்தி வைத்தால் பெருமளவு தடுக்கலாம்.

தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் மெயின் சுவிட்சை அணைத்து, எரிவாயு ரெகுலேட்டரை மூடி, சிலிண்டர் மிதக்காதபடி கட்டிவிடுங்கள். கர்ப்பிணிகள், முதியோர், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் முந்தைய நாளே மேட்டுப் பகுதிக்குச் சென்றுவிடுவது நல்லது. இடுப்பளவு நீரில் படகுக்காகக் காத்திருக்கும் நிலை அவர்களுக்கு வரவே கூடாது. உதவிக்குச் சென்னை மாநகராட்சியின் 1913, மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறையின் 1070 ஆகிய எண்களைக் குடும்பத்தார் எல்லோரும் வைத்திருக்கட்டும்.

நீர் வடிந்தபின், காப்பீட்டுக்காகச் சேதங்களைப் படமெடுத்துக்கொண்டு பிறகு சுத்தம் செய்யுங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மின்சாரம் வேண்டாம். நிலத்தடித் தொட்டியை முழுவதும் இறைத்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் இடும்வரை அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.