மணற்காட்டு மணல்மேடுகளுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

கோடை விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் உறவுப் பிள்ளைகள், நல்லூரும் கீரிமலையும் பார்த்து முடிந்த மறுநாளே, இணையத்தில் கண்ட ஒரு படத்தைக் காட்டி "இந்தப் பாலைவனம் எங்கே இருக்கிறது?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். படத்தில் இருப்பது வடமராட்சி கிழக்கின் மணற்காடு. யாழ்ப்பாண நகரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர்தான் தூரம் என்றாலும், நேரம் தவறிப் போய், கால் சுட்டு, பத்து நிமிடத்தில் திரும்பி வந்தவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். முதல் தடவை போகிறவர்கள் என்ன ஒழுங்கில் திட்டமிட வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு தெளிவு வேண்டும். மணற்காடு பாலைவனம் அல்ல. ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பொதுவாகப் பாலைவனம் என்பார்கள்; குடாநாட்டில் பெய்வதோ அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மணல்மேடுகளுக்காகவே அமைந்த கிரேட் சாண்ட் டியூன்ஸ் தேசியப் பூங்காவில் 200 மீற்றரைத் தாண்டும் மேடுகள் உண்டு. அந்த உயரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர் இங்கே ஏமாந்துபோவார். இது கடல் ஒதுக்கிய மணலைக் காற்று அள்ளிக் குவித்த நெய்தல் நிலம். மேட்டின் ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பனையும் சவுக்கும். அப்படிப் பார்க்கத் தெரிந்தால் இது கொலராடோவுக்கு இளைத்ததல்ல என்பது என் எண்ணம்.

படி 1: காற்றைப் பார்த்து மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

பெரும்பாலானோர் வெயிலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். மணல்மேட்டில் முதலில் பார்க்க வேண்டியது காற்று. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். அது கடற்கரை மணலைக் கரைக்குள் தள்ளும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும்; அது தரைப்பக்கமிருந்து வருவதால் மேட்டு மணலைக் கடலை நோக்கித் திருப்பும். இவ்விரண்டுக்கும் நடுவே, மாசியின் பிற்பகுதி முதல் சித்திரைத் தொடக்கம் வரை காற்று ஓரளவு ஓய்ந்திருக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு அதுவே உகந்த காலம்.

காய்ந்த மணல் பறக்கத் தொடங்க மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகக் காற்று போதும். ஆனால் மணல் தூசியைப்போல் மேலே எழும்பிப் போவதில்லை. ஒரு மணி தாவி விழும்போது கீழே கிடக்கும் வேறு மணிகளை உதைத்துக் கிளப்புகிறது. அவை தாவி இன்னும் சிலவற்றைக் கிளப்புகின்றன. இந்தத் தாவல் பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குள்ளேயே நடப்பதால், பெரியவர்களுக்குக் கெண்டைக்கால் எரியும், தவழும் குழந்தைக்கோ கண்ணே எரியும். கைக்குழந்தையுடன் சோழகத்தில் போக வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதன் காரணம் அதுதான்.

நகரத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு நல்ல சோதனைக்களம் வழியிலேயே இருக்கிறது. வல்லை வெளியைக் கடக்கும்போது காற்று உங்கள் மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளுகிறதென்றால், அன்றைக்குக் கமராவைப் பையை விட்டு வெளியே எடுக்க முடியாது என்று அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம்.

படி 2: சூரியன் கடலிலிருந்து எழும்ப முன் போய்ச் சேருங்கள்

கரை வடகிழக்கைப் பார்த்திருப்பதால் சூரியன் கடலிலிருந்தே உதிக்கும். மாதத்துக்கு ஏற்ப அது காலை 5.50க்கும் 6.30க்கும் இடைப்பட்ட நேரமாக இருக்கும். விடியப்புறம் நாலரை மணிக்குப் புறப்பட்டால் அவசரமில்லாமல் போய்விடலாம். இயலாதவர்கள் பின்னேரம் நாலரைக்குப் பிறகு போகலாம். பதினொரு மணி முதல் மூன்று மணி வரை அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம். முன்னர் சொன்ன கொலராடோப் பூங்காவில் கோடைகாலத்தில் மணலின் மேற்பரப்பு 65 பாகை செல்சியஸ் வரை சூடேறும். நம் வெயிலும் லேசுப்பட்டதல்ல.

அந்தச் சூடு மேல்தோலில் மட்டுமே இருக்கிறது என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒன்பது மணியளவில் மேட்டுச் சரிவில் குந்தி, ஒரு சாண் ஆழத்துக்கு மணலை விலக்கிக் கையை உள்ளே விடுங்கள். மேலே சுடும் மணல், அடியில் கிணற்றடி ஈரம்போலக் குளிர்ந்திருக்கும். மழை நீர் மேடுகளின் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து தங்குகிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில், கடலுக்கு இவ்வளவு கிட்டவும் கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பதில் இந்த மேடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மணல் அள்ளுவதை ஊர்க்காரர் எதிர்ப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

படி 3: கொண்டுபோக வேண்டியவை

ஒருவருக்கு 2 லீற்றர் தண்ணீர், அகன்ற விளிம்புள்ள தொப்பி, முகத்தை மூட ஒரு துவாய், கைத்தொலைபேசியைப் போட்டுக் கட்ட ஒரு பொலித்தீன் பை. தேசிக்காய்த் தண்ணீரில் உப்பும் சீனியும் கலந்து ஒரு போத்தல் கொண்டுபோனால் இன்னும் நல்லது. சாப்பாடு பனங்கட்டியும் வாழைப்பழமும் போதும். காற்று வீசும் இடத்தில் சோற்றுப் பார்சலைப் பிரித்தால் பாதி மணலைத்தான் சாப்பிட வேண்டிவரும்.

படி 4: பாதையும் வாகனமும்

யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து 750ஆம் இலக்க பஸ்ஸில் பருத்தித்துறைக்குப் போய், அங்கிருந்து ஓட்டோ பிடிக்கலாம். சொந்த வாகனத்தில் போகிறவர்கள் கோப்பாய், நீர்வேலி, புத்தூர், வல்லை, நெல்லியடி என்று போய், பருத்தித்துறையிலிருந்து மருதங்கேணிக்குச் செல்லும் வீதியில் திரும்பி, குடத்தனையை அடைந்தபின் கடற்பக்கம் இறங்க வேண்டும். வழியில் வல்லிபுர ஆழ்வார் கோயில் வரும். புரட்டாதியில் நடக்கும் அந்தக் கோயிலின் கடல் தீர்த்தத்துக்கு மணல்வெளியைக் கடந்து போகும் சனத்தைக் கவனித்தால், மணலில் நடப்பதற்குத் தனிப் பாடமே வேண்டியதில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சிறிய அடியாக வைத்து, முன்னே போனவரின் தடத்தில் மிதித்துப் போவார்கள்.

தார் போட்ட வீதி முடியும் இடத்தில் வாகனத்தை நிறுத்திவிடுங்கள். ஒருமுறை நாங்கள் வாடகைக்குப் பிடித்துச் சென்ற வானை, அதன் ஓட்டுநர் "இன்னும் கொஞ்சம்தானே" என்று மணலுக்குள் விட்டார். சில்லுப் புதையப் புதைய அவர் மேலும் மேலும் மிதித்தார். கடைசியில் வான் அடிப்பாகம் தட்டி மணலில் குந்திவிட்டது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் வந்து, "தம்பி, மிதிக்காதேங்கோ. முதல்ல சில்லுக் காத்தை இறக்குங்கோ" என்றார். அதுதான் சரியான வழி. காற்றழுத்தம் 30 அளவில் இருப்பதை 20 அளவுக்குக் குறைத்தால் சில்லு தட்டையாகி மணலில் அகலமாகப் பதியும். பிறகு சில்லுக்கு முன்னால் மணலை வழித்து, தென்னமட்டைகளைச் செருகி, இரண்டாம் கியரில் மெதுவாக எடுக்க வேண்டும். நாங்கள் வெளியே வர ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. சூரிய உதயத்தை அன்றைக்கு வானின் பின்புறம் தள்ளிக்கொண்டே பார்த்தோம்.

படி 5: மேட்டில் ஏறுதல்

ஒவ்வொரு மேட்டுக்கும் இரண்டு முகங்கள் உண்டு. காற்று ஏறி வந்த பக்கம் மெல்லச் சரிந்து, இறுகி, அலைவரிகள் பதிந்து இருக்கும். மறுபக்கம் செங்குத்தாகவும் பொலபொலவென்றும் இருக்கும். காய்ந்த மணல் ஏறத்தாழ 34 பாகைக்கு மேல் சரிந்து நிற்காது, வழுக்கி விழுந்துவிடும். ஏறுவது இறுகிய பக்கத்தால், இறங்குவது பொலபொலத்த பக்கத்தால். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் மூச்சுவாங்கல் பாதியாகக் குறையும். முகட்டின் விளிம்பில் கூட்டமாக நின்று படம் எடுக்க வேண்டாம். விளிம்பு உடைந்து சரியும்.

மணலைப் பிடித்து வைத்திருக்கும் செடிகளை மிதிக்காதீர்கள். அடம்பன் கொடியை எல்லோருக்கும் தெரியும். திரண்டால் மிடுக்கு என்று பழமொழியே அதற்கு உண்டு. இராவணன் மீசை என்ற புல்லைத்தான் புதியவர்கள் கவனிப்பதில்லை. முனை ஊசிபோலக் குத்தும். அதன் உருண்டையான விதைத்தலை கழன்று காற்றில் மணல்மேல் துள்ளி உருண்டோடும்; போன இடத்தில் முளைத்து, அங்கே மணலைத் தேக்கிப் புதிய திட்டி ஒன்றுக்கு அடியிடும். அதிகாலையில் போனால் இன்னொன்றும் காணலாம். வளைந்து தொங்கும் புல்லின் நுனியைக் காற்று அசைக்க, அது மணலில் கவராயத்தால் கீறியதுபோல வட்டவில்லைக் கீறி வைத்திருக்கும். முதல் ஆள் நடந்தவுடன் அது அழிந்துபோகும்.

படி 6: புதைந்த தேவாலயம்

மணலுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடுகளை எவரும் விடாமல் பார்ப்பார்கள். மணல் நகரும் என்று சொன்னால் நம்பாதவர்களுக்கு அந்தச் சுவர்களே சாட்சி. அவற்றின்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், கல்லைப் பெயர்க்காதீர்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இந்தக் கரையோரக் கிராமங்களில் பல உயிர்களைக் கொண்டுபோனது; ஆகவே கல்லறைகள் இருக்கும் பக்கத்தில் சத்தம் போட்டு விளையாட வேண்டாம். கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றைத் தாண்டிப் போகாமல், கேட்டுவிட்டுச் சுற்றிப் போங்கள். வாடைக் காலத்தில் கடலில் குளிக்க இறங்க வேண்டாம்.

படி 7: நேரம் மிஞ்சினால்

அதே கரையோரமாகத் தெற்கே போனால் நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி, கட்டைக்காடு என்று வீதி சுண்டிக்குளம் வரை நீளும். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த இடம் 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. மார்கழி முதல் பங்குனி வரை களப்பில் பூநாரைகளைக் காணும் வாய்ப்பு உண்டு. நாகர்கோவில், முகமாலைப் பக்கங்கள் போர்க்காலத்தில் முன்னரங்காக இருந்தவை என்பதால், அங்கே மக்கள் நடமாடும் பாதையை விட்டு விலகாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ணில் பட்டால் படத்துக்காகக்கூட ஓர் அடி உள்ளே வைக்காதீர்கள்.

திரும்பும்போது, காற்று இறக்கிய சில்லுகளுக்கு முதல் காணும் கடையிலேயே காற்று அடித்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் போனவர்கள் அன்று மாலையே செயினை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள். உப்பும் மணலும் சேர்ந்தால் ஒரே கிழமையில் கறகறவென்று சத்தம் வரும்.